சிவப்பு முத்திரை

கல்லூரி மேடை முழுக்க வெள்ளைத் துணி. அதன்மேல் கறுப்புடைப் பெண்கள் பழைய மை ஓவியத்து மலைகளாக வளைந்து நிற்கிறார்கள். மூலையில், வரைந்தவர் பெயர் பொறித்த சிவப்பு முத்திரையாக வந்து அமர வேண்டியவள், நடனத்தை அமைத்த ஹாயுன். வசந்தத்தில் இறந்துபோனாள். முத்திரை விழாத ஓவியம் யாருடையது என்று தெரியாது. அவளுடைய சிவப்பு உடையில் தோழி சோரின் திரையோரம் காத்திருக்கிறாள். தோளில் துணி சற்றுத் தளர்ந்திருக்கிறது.

“அக்கா, கோணலா உக்காந்தீங்கன்னா போலி ஓவியம்னு சொல்லிடுவாங்க,” என்கிறாள் கொக்கு வேஷத்தில் நிற்கும் மின்ஜு.

“கொக்குக்கு என்னடி பேச்சு? வாயைத் திறந்தா மீன் ஓடிடும்.”

முரசு ஓய்கிறது. விளக்கு மூலைக்கு நகர்கிறது. சோரின் அவசரமில்லாமல் நடந்து, ஹாயுன் பென்சிலால் துணியில் வரைந்துவைத்த கட்டத்துக்குள் நேராக அமர்கிறாள். இனி இது யார் வரைந்தது என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.