மடித்து வைத்த பாராசூட்

கோடை முழுக்கத் துணிச் சிறகை விரித்து, ஜெசிந்தாவைச் சுமந்துகொண்டு மலை மலையாகப் பறந்த பாராகிளைடருக்கு வாய் ஓயவில்லை. "இன்னைக்கு மூணு பள்ளத்தாக்கு தாண்டினேன். நீ என்ன பார்த்தே?"

அவள் இருக்கைக்கு அடியில், ஆபத்துக்கென்று மடித்து வைத்திருந்த சின்னப் பாராசூட், "பையோட உள்பக்கத்தை" என்றது.

ஒருநாள் நடுவானில் மேகம் கறுத்தது. காற்று உலுக்கியதில் பாராகிளைடரின் ஒரு பக்கம் மடங்கியது.

"நான் வரட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டது பாராசூட்.

"வேண்டாம் தாயே, அங்கேயே இரு" என்று அலறிய பாராகிளைடர், தட்டுத்தடுமாறி ஓர் ஆட்டு மந்தைக்கு நடுவே இறங்கியது.

மறுநாள் வானம் பளிச்சென்றிருந்தது. பறக்கக் கிளம்பிய ஜெசிந்தா, வழக்கம்போல் பாராசூட்டின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பார்த்தியா, தினமும் முதல்ல என்னைத்தான்" என்றது பாராசூட்.

பாராகிளைடர் சிரித்துக்கொண்டே விரிந்தது. "சரி, கெட்டியா உட்காரு. வழியில தெரியறதை எல்லாம் உனக்குச் சொல்லிக்கிட்டே வரேன்."