எல்லாம் கீழ்த்தட்டில்

மேசையின் நான்காவது காலையும் அரிந்து முடித்துவிட்டு, ஏதோ கப்பல் கட்டிக் கடலில் இறக்கியவர் போல நெற்றியைத் துடைத்தார் என் கணவர் அருளம்பலம்.

மேசை ஆடியது.

ஆடாமல் என்ன செய்யும்? முதலில் ஒரு காலை அளந்து அரிந்தார். அதற்குச் சமமாக மற்றதை அரிந்தார். மற்றது கொஞ்சம் கூடக் குறைந்துபோனதால் திரும்பவும் முதலாவதை. இப்படியே விட்டால் மத்தியானத்துக்குள் குசினியில் மேசை இராது, பலகைதான் இருக்கும்.

நான் குசினி வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துறைமுகத்துக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் சாமான் அடுக்கி ஓய்வு பெற்ற பெரிய மனிதருக்கு, இதே குசினியில் இருபத்தெட்டு வருடமாகச் சமைக்கிற நான் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?

குசினிக்கு ஓர் ஒழுங்கு வேண்டுமாம். நான்கு நாட்களாக அதுதான் நடக்கிறது.

மேல்தட்டுகளில் இருந்த அரிசி, பருப்பு, தூள்வகை எல்லாம் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டன. ஒவ்வொரு போத்தலிலும் வெண்கட்டியால் ஓர் இலக்கம். மிளகாய்த்தூள் ஏழு, மஞ்சள் எட்டு. ஏழு எது, எட்டு எது என்று பார்க்க ஒரு கொப்பி. அது ஆணியில் தொங்குகிறது. மிளகாய்த்தூள் சிவப்பாக இருக்கும் என்று இவருக்கு இதுவரை ஒருவரும் சொல்லவில்லைப் போலும்.

சட்டி பானைகள் முழங்கால் உயரத்தில். அகப்பைகள் அதற்குப் பக்கத்தில். பூனைக்குத்தான் கொண்டாட்டம். அடுப்பு மேடையை இடித்துவிட்டு, காஸ் அடுப்பை இரண்டு சீமெந்துக் கல்லில் தூக்கி வைத்திருக்கிறார். எங்கள் ஊர் கட்டைபறிச்சான் ஆக்கள் பார்த்தால், நாங்கள் பாலர் பாடசாலை தொடங்கப் போகிறோம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நிலத்தில் இருந்து தேங்காய் துருவுகிற என் துருவலை மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக, மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றுகிற ஒன்று. திருகோணமலைக்குப் போய் வாங்கி வந்தாராம். கடைக்காரன் நல்ல ஆளைப் பிடித்திருக்கிறான்.

சனிக்கிழமை எங்கள் வயலில் அறுவடை. வெட்டுவது மெசின்தான். ஆனால் மூட்டை கட்ட, ஏற்ற என்று இருபது பேர் வருவார்கள். அவர்களுக்கு மத்தியானச் சோறு வயல்காரர் வீட்டில்தான் என்பது இங்கே எழுதாத சட்டம். இருபத்தெட்டு வருடமும் அந்தச் சோற்றைப் போட்டது என் கை.

இந்த முறை அதற்கும் ஆள் வந்துவிட்டது. பக்கத்து வளவில் இருக்கிற இவருடைய தங்கை புஸ்பராணி. போன கிழமை வந்து, அன்பு பொங்க, என் பெரிய சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“மச்சாள், நீங்கள் இனி ஆறுதலா இருங்கோ. சனிக்கிழமைச் சமையல் எங்கட வீட்டில.”

என்ன கரிசனை! ஒரு வருடம் அங்கே போனால் அடுத்த வருடமும் அங்கேதான். அதற்கடுத்த வருடம் இந்த வீட்டில் ஒரு சமையற்காரி இருந்தாள் என்பதே ஊருக்கு மறந்துபோகும். எனக்குப் பயமாக இருந்தது. சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

இவர் ஒரு மட்டைத் துண்டை மடித்துக் கட்டையாகிப்போன மேசைக்காலுக்குக் கீழே செருகினார். மேசை ஆடாமல் நின்றது. வந்து பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

“நான் என்னத்தைப் பாக்கிறது? உங்கட துறைமுகத்துப் பெரிய ஐயாமாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ.”

இவர் எனக்குப் பின்னால் வந்து, குனிந்து, சக்கர நாற்காலியின் பிரேக்கைத் தளர்த்தினார்.

ஐந்து கிழமைக்கு முன்னர், சீனி வருத்தம் முற்றி, என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆசுபத்திரியால் வந்த பிறகு நான் குசினிக்குள் போகவேயில்லை. வாசலில் படி இருந்தது.

இப்போது படி இல்லை. அந்த இடத்தில் சரிவாகச் சீமெந்து பூசியிருந்தார்.

நாற்காலி மெல்ல உள்ளே இறங்கியது. மேசை என் மடிக்கு மேலே வந்து நின்றது, எங்கும் இடிக்கவில்லை. கையை நீட்டினேன். அகப்பை வந்தது. உப்பு வந்தது. கொப்பியைப் பார்க்காமலே ஏழாம் இலக்கமும் வந்தது. எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புஸ்பராணியிடம் போய்ப் பானையை வாங்கி வரச் சொன்னேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் மேலே பார்த்தேன். வெறும் மேல்தட்டில், சுவரோடு ஒட்டி, ஒரேயொரு டின்.

சீனி.

இரண்டு காலில் எழுந்து நின்றாலும் எனக்கு எட்டாத உயரம். வருகிற இருபது பேருக்கும் தேத்தண்ணி போட வேண்டாமா என்று சத்தம் போட்டேன்.

இவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த மரத்தூளைக் கையால் கூட்டினார்.

“தேத்தண்ணி நான் போடுறன்.”

டொக்டர் வேண்டாமென்று சொன்ன நாளிலிருந்து பத்து வருடமாக, இந்தக் குசினியில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, நாளுக்கு இரண்டு கரண்டி சீனி அள்ளி வாயில் போட்டு வந்தேன்.

இவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.