இரண்டாவது மெஷினின் பூட்டு

அவன் என்டரைத் தட்டிவிட்டான்.

தட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா இருந்திருக்க வேண்டும்.

இருக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி நின்றுகொண்டிருந்தார். சும்மா நிற்கிற ஆள் இல்லை அவர். மூச்சு பிடரியில் படும்படி நிற்பார். வெளியே வராந்தாவில், கதிர்வீச்சு சிகிச்சைக்கு வந்த முப்பது பேர் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார்கள்.

யாருக்கு உடம்பில் எந்த இடத்தில், எவ்வளவு கதிர் என்பதெல்லாம் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்தது. கையால் தொட முடியாத கணினி அது. மாடியில் சர்வர் அறையில் இருக்கும் இரண்டு பெரிய மெஷின்களில் ஏதாவது ஒன்றுக்குள் ஓடும். காலையில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. அதோடு இரண்டாவது மெஷின் பேச்சுமூச்சில்லாமல் போனது. அதற்குள் ஓடிக்கொண்டிருந்த விர்ச்சுவல் மெஷினும், ‘அணுக முடியவில்லை’ என்று திரையில் ஒற்றை வரியாகிவிட்டது.

முதல் மெஷினில் அதை எழுப்பிப் பார்த்தான். எழவில்லை. அதன் கோப்புகள் பூட்டியிருந்தன.

பூட்டி வைத்திருந்தது இரண்டாவது மெஷின்.

பூட்டிவிட்டுச் செத்துப்போயிருந்தால் பூட்டை உடைக்கலாம். உயிரோடு இருந்தால் தொடவே கூடாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பூட்டின் பக்கத்தில் ஓர் எண் தெரியும். அதைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எண் மாறியிருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

அவன் ஒரு தடவைதான் பார்த்தான். பூட்டை உடைக்கும் கட்டளையை அடித்து என்டரைத் தட்டிவிட்டான்.

பதினோரு வருடமாகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற இதே வேலை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

விர்ச்சுவல் மெஷின் எழுந்தது. நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. நிர்வாக அதிகாரி அவன் தோளைத் தட்டினார். “நீ இருக்கறப்ப எனக்கென்னய்யா கவலை” என்றார். அதுவரை கவலைப்பட்டது வேறு யாரோ என்பதுபோலப் போனார்.

ஜெசிந்தா மேடத்துக்குத் தகவல் போனது. கதிரின் அளவைச் சரிபார்த்து ஆளை உள்ளே அனுப்புகிறவர் அவர்தான்.

இனி இரண்டாவது மெஷினை அணைத்துப் போடலாம் என்று அவன் மாடியேறினான்.

சர்வர் அறை சில்லென்று இருந்தது.

நெட்வொர்க் கேபிள் சொருகிய இடத்தில் விளக்கு எரியவில்லை. பேச்சுமூச்சில்லாமல் போனது அதனால்தான். ஆனால் அதற்குக் கீழே, இரண்டு மெஷினுக்கும் பொதுவாகக் கோப்புகள் இருக்கும் பெட்டிக்குப் போகிற கேபிளில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

விடாமல் மினுக்கியது.

மெஷின் சாகவில்லை. பேச முடியாமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

பொத்தானை அழுத்தி அணைத்தான். மணி பார்த்தான். பூட்டை உடைத்து ஒன்பது நிமிடம். ஒரே நோட்டில் இரண்டு பேர், ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல், ஒன்பது நிமிடம் எழுதியிருக்கிறார்கள்.

எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்? அவனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. பெயர் சரியாக இருக்கும். வயது சரியாக இருக்கும். எங்கோ ஓர் அளவு மட்டும் மாறியிருக்கலாம். மாறாமலும் இருக்கலாம்.



சொல்லாமல் இருந்துவிடலாம் என்ற நினைப்பும் வந்தது. வெட்கமில்லாமல் வந்தது. ஒன்றும் ஆகியிருக்காது. ஆகியிருந்தாலும் இன்றைக்கா தெரியப்போகிறது? வேலையாவது மிஞ்சும்.

மேடத்துக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. ஆளைப் படுக்க வைத்துவிட்டால் அவர் போனைத் தொடமாட்டார்.

ஓடினான். படியில் ஒரு செருப்பு கழன்றது. எடுக்க நிற்கவில்லை.

கீழே சிகிச்சை அறையின் கனத்த கதவு மூடியிருந்தது. உள்ளே ராமாத்தாள் என்ற அம்மாள் படுத்திருப்பது கேமராவில் தெரிந்தது. முகம் அசையாதிருக்க வெள்ளை வலை முகமூடி மாட்டியிருந்தார்கள். வெளியே ஜெசிந்தாவின் விரல் கதிரைத் தொடங்கும் பொத்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“மேடம், வேண்டாம்!”

எல்லாவற்றையும் சொன்னான். எதையும் குறைக்கவில்லை.

ஜெசிந்தா கதவைத் திறந்து, முகமூடியைக் கழற்றி அந்த அம்மாளை எழுப்பிவிடச் சொன்னார். ராமாத்தாளின் காகித ஃபைலை இழுத்துப் பிரித்தார். காகிதத்தில் ஒரு விரலும் திரையில் ஒரு விரலுமாக வரிவரியாக இறங்கினார். இறங்கிக்கொண்டே அவனைத் திட்டினார். படித்த படிப்பைத் திட்டினார். அவசரத்தைத் திட்டினார். வேலைக்கு எடுத்தவர்களையும் விடவில்லை.

அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். திட்டு விழ விழ அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. திட்டுகிறார் என்றால், இதுவரை பார்த்த வரியெல்லாம் சரியாக இருக்கிறது.

மூன்றாவது பக்கத்தில் திட்டு நின்றது.

ஜெசிந்தா காகிதத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

அவன் எட்டிப் பார்த்தான். காகிதத்தில் ஓர் அளவு, திரையில் வேறு அளவு.

உள்ளேயிருந்து ராமாத்தாள் மெல்ல நடந்து வந்தார். கன்னத்திலும் நெற்றியிலும் வலை பதிந்த தடம். முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார்.

“முடிஞ்சுதுங்களா சாமி? இன்னைக்கு ஒண்ணுமே தெரீலீங்களே.”

ஜெசிந்தா எழுந்துபோய் அந்த அம்மாளின் கைகளைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

“இல்லீங்கம்மா,” என்றார். “இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.”