மொட்டை போட்டு வந்தவன்

ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு துளசிங்கம் வீடு திரும்பிய மாலையில்தான் பூனை முதன்முதலாக அவனைப் பார்த்துச் சீறியது. அதுவரை அவன் மடியைத் தவிர வேறெங்கும் தூங்காத பூனை அது. அன்றிலிருந்து வீட்டுக்குள் வராமல், தெருக்கோடியில் மலைப்படி தொடங்கும் இடத்தில் போய் மேலே பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது.

அவன் மனைவி ஹேமாவதி மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டாள்.

"சந்தன வாசனையில ஆள் அடையாளம் தெரியலம்மா. முடி மொளைச்சா தானா பழகிடும்" என்றார் அவர்.

புரட்டாசி பிறந்தது. துளசிங்கம் எப்போதும்போல விசைத்தறிக்குப் போய்வந்தான், சாப்பிட்டான், தூங்கினான். முடி மட்டும் முளைக்கவில்லை. தலையில் பூசியிருந்த சந்தனம், தினமும் குளித்த பிறகும் ஈரமாகவே இருந்தது.

ஒரு சாயங்காலம் பூனையைத் தூக்கிவர ஹேமாவதி போனாள். அது வாலை நிமிர்த்திக்கொண்டு, கீழ்ப்படியில் யாருமே இல்லாத இடத்தை உரசி உரசிச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் துளசிங்கம் வேலை முடிந்து வந்தால் அவன் காலை அப்படித்தான் சுற்றும். பிறகு அது வீட்டைப் பார்த்து நடந்தது. பின்னால் வருகிறவருக்காக நின்று நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தது.

ஹேமாவதி முந்திப்போய்க் கதவைத் திறந்தாள். பூனை வாசலில் நின்று, பக்கத்தில் அண்ணாந்து பார்த்தது.

உள்ளே வாசலுக்கு முதுகு காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை.

"பூனைய மட்டும் உள்ள உட்டுட்டு, கதவ சாத்திடு ஹேமா" என்றான்.