ஒரு சாண் ஜன்னல்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: துரைப்பாண்டி, அவன் மனைவி மங்கை, ஆறு வயது மகள் குயிலி, வெளியே உள்ள நச்சுக் காற்று வீடுகளுக்குள் புகாமல் பார்க்கும் குடியிருப்புச் சங்கத்தின் காற்றுக் காவலர்.

"மூணாவது தடவை ஜன்னல் திறந்திருக்கு. திறந்தவங்க இன்னைக்கே குடியிருப்ப விட்டு வெளிய போகணும். யாருங்க?" என்றார் காவலர்.

திறந்தவன் துரைப்பாண்டி. விளக்கேற்றும்போது வீடு அடைத்துக் கிடந்தால் லட்சுமி எப்படி வருவாள் என்று அவன் ஆத்தா சொல்லி வளர்த்த பழக்கம். ஒரு சாண்தான் திறப்பான். திரி பிடித்ததும் சாத்திவிடுவான். ஒரு சாணில் என்ன வந்துவிடப் போகிறது என்பது அவன் நினைப்பு.

சொல்லிவிட வாயெடுத்தான். அதற்குள் மங்கை, "நாந்தாங்க" என்றாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னோமேம்மா."

"கை சும்மா இருக்க மாட்டேங்குதே, என்ன செய்ய?" என்று சிரித்தாள்.

துணி எடுக்க அவள் உள்ளே போனபோது துரைப்பாண்டி பின்னாலேயே போனான். அவள் குரலைத் தணித்தாள். "பேசாம இருங்க. வீடு உங்க வேலைக்குக் கொடுத்தது. நீங்க போனா மூணு பேருக்கும் வெளிதான். குயிலி நெஞ்சு அந்தக் காத்தத் தாங்குமா?"

அவன் பேசாமல் இருந்தான். அன்று அவன் செய்தது அவ்வளவுதான்.

"அம்மா, போற எடத்துல ஜன்னல் திறக்கலாமா?" என்றாள் குயிலி.

"அங்க ஜன்னலே கிடையாதுடி. எல்லாம் வெட்டவெளி."

இரண்டு புடவையோடு மங்கை வாசலைத் தாண்டினாள். விளக்கு வைக்கும் நேரம்.

"உள்ளேயிருந்து நீங்கதான் பூட்டணும் சார்" என்றார் காவலர்.

துரைப்பாண்டி கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினான்.