வேலித் திறப்பில் எலுனெட்

காரே வராத பாதையாகத் தேடிப் பிடித்துத்தான் எலுனெட் இந்த மலைச்சாலையில் சைக்கிளைத் திருப்பினாள். இப்போது அதே சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, கதவில்லாத வேலித் திறப்பில் கைகளை விரித்து நிற்கிறாள். "ஏம்மா சைக்கிள்! அந்தத் திறப்பை அடைச்சு நில்லு. கையை நல்லா விரி, விருந்துக்கு வந்தவ மாதிரி நிக்காதே!" வளைவுக்கு மேலே சரிவிலிருந்து முதலில் பண்ணைக்காரர் இத்வாலின் குரல் வந்தது, பின்னாலேயே இருநூறு ஆடுகள், ஈரக் கம்பளி வாடையோடு சாலையை நிறைத்து வருகின்றன. அவள் முதுகுக்குப் பின்னால் பக்கத்துப் பண்ணையின் புல் அறுப்புக்கு விளைந்து நிற்கிறது. "ஒண்ணு உள்ளே போச்சுன்னா எல்லாம் போயிரும். அந்தப் பண்ணைக்காரன் கோபம் தணிஞ்சு என்கூடப் பேச ஆரம்பிச்சே ஒரு வாரந்தான் ஆகுது!" அவள் முழங்கால் பட்டு மிதிகட்டை பின்னோக்கி நகர, சக்கரம் டிக் டிக் என்கிறது. முன்னால் வந்த கிழட்டு ஆடு நிற்கிறது. அதன் பின்னால் மொத்த மந்தையும் நிற்கிறது. ஆடு சக்கரக் கம்பிகளை முகர்கிறது. பிறகு, குறுக்குக் கோடு போட்ட மஞ்சள் கண்ணால் அவளைப் பார்க்கிறது. அவளை மனுஷி என்று நினைக்கிறதா, கம்பம் என்றா? அவள் மூச்சுவிடவில்லை. ஆடு ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சாலையோடு இறங்குகிறது, மற்றவையும் இறங்குகின்றன. கடைசியில் வரும் நாய், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவளைப் பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறது. நாய்க்குப் பின்னால் வந்து சேர்ந்த இத்வால் நன்றி சொல்லவில்லை. "வர்ற சனிக்கிழமையும் இந்த வழிதானே? கம்பளி கத்தரிச்சதும் இதுங்களைத் திரும்ப மேலே ஏத்தணும்." எலுனெட் தலையாட்டுகிறாள். சாலை மறுபடி காலியாகக் கிடக்கிறது. விரித்த கைகளை இறக்கலாமா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.