நாற்காலி போட்ட இடம்

"அந்த நாற்காலியைத் தொட்டீங்க, அவ்வளவுதான்!"

மாடி ஜன்னலிலிருந்து வந்த அதட்டலைக் கேட்டு லோரெட்டா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஒரு கார் நிற்கும் அளவுக்குப் பனியைச் சுத்தமாக அள்ளிய இடம். நடுவில் கால் வளைந்த ஒரு சமையலறை நாற்காலி.

"தொடலை ஐயா! நானும் சிகாகோக்காரிதான். மாநில போலீஸ்ல விசாரணை அதிகாரி. மேலே வரலாமா?"

"பூட்ஸை வாசல்லயே கழட்டிட்டு வாங்க."

அந்தத் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பனியை அள்ளியவருக்கே இடம். அடையாளத்துக்கு ஒரு பழைய நாற்காலி. மேயரே வந்தாலும் அதை நகர்த்த மாட்டார்.

கசிமிர் வோய்ட்டாசெக்குக்கு எழுபத்தோரு வயது. சமையலறைச் சுவரில் மாதா படம், மேஜையில் கசகசா ரொட்டி. லோரெட்டா கேட்பதற்கு முன்பே காபி வந்தது.

"மூணு வாரத்துக்கு முன்னாடி, காலையில ஆறு மணிக்கு, உங்க ஜன்னலுக்கு நேர் கீழே உங்க பக்கத்து வீட்டு எஃப்ராயினை மத்திய குடியேற்ற அதிகாரிங்க சுட்டாங்க. பார்த்தீங்களா?"

"முட்டை பொரிச்சுட்டு இருந்தேன். சத்தம்தான் கேட்டது. அன்னைக்கு அப்புறம் டிவி போடறதையே விட்டுட்டேன்."

"வண்டியை எங்க மேல ஏத்த வந்தார், அதான் சுட்டோம்னு அவங்க சொல்றாங்க. இன்ஜினைச் சூடாக்கத்தான் ஸ்டார்ட் பண்ணேன், வண்டி நகரவே இல்லைன்னு இவர் சொல்றார். தோள்ல குண்டு. ஆள் பிழைச்சுட்டார். ஆனா அதிகாரியைக் கொல்லப் பார்த்ததா வழக்கு. நிரூபிச்சுட்டா இருபது வருஷம் உள்ளே."

கசிமிர் தன் காபியில் மூன்றாவது முறையாகச் சர்க்கரை போட்டார்.

"வண்டியை அன்னைக்கே இழுத்துட்டுப் போயிட்டாங்க. அங்கேயிருந்து கிளப்பவே ஒரு மணி நேரம் ஆச்சாம். அதை மாநில அரசுக்குக் காட்ட மாட்டேங்கிறாங்க. தெருவுல ஒரு கேமராவும் ஓடலை. இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கிட்டேன். நீங்கதான் கடைசி."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுன்னாங்களே?"

"ஆகாதாவா? ரெண்டு குளிர்காலமா சண்டை! நான் இடுப்பொடிய அள்ளுவேன், அவன் வந்து வண்டியை நிறுத்துவான். என் நாற்காலியைத் தூக்கி நடைபாதையில வைப்பான். துடைச்சு வேற வைப்பான், திருடன்!"

லோரெட்டா சிரித்துவிட்டாள். "அன்னைக்கும் உங்க இடத்துலதான் நிறுத்தியிருந்தாராம்."

கிழவர் இன்னொரு துண்டு ரொட்டி வெட்டினார். முதல் துண்டே தட்டில் அப்படியே இருந்தது.

அண்டைவீட்டுக்காரன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இவருக்கு நாற்காலி முக்கியம் என்று நினைத்தபடி லோரெட்டா குறிப்பேட்டை மூடினாள். அப்போது கதவு தட்டப்பட்டது. எஃப்ராயினின் மனைவி யெசேனியா. கையில் ஆவி பறக்கும் பாத்திரம்.

"ஐயா, சோளமாவுல டமாலே அவிச்சேன். பச்சை மிளகாய் போட்டது. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க." லோரெட்டாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தாள். "அப்புறம், அன்னைக்கு உங்க இடத்துல நிறுத்தினதுக்கு அவர் மன்னிப்புக் கேட்டுக்கச் சொன்னார். சின்னவளுக்கு நல்ல ஜுரம். டாக்டர்கிட்டேயிருந்து வந்தப்போ வேற இடமே இல்லை."

"அதெல்லாம்... விடும்மா."

"எப்படி விடறது? அவர் திரும்பி வர்றப்போ வண்டி நிறுத்த இடம் வேணும்னு தினமும் நீங்க பனி அள்ளி நாற்காலி போடறீங்களே, அதையும் சொன்னேன். அழுதுட்டார் ஐயா. நல்லா இருங்க."

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை கசிமிர் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

"அந்த நாற்காலி எஃப்ராயினுக்கா?" என்றாள் லோரெட்டா மெதுவாக. "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் ஐயா."

"தப்பா நினைக்கலை. சரியாத்தான் நினைச்சீங்க." அவர் மாதா படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பாதிரியார்கிட்ட பாவமன்னிப்புக் கேட்டேன். 'அவங்களுக்குப் பனி அள்ளிப் போடு'ன்னார். அள்ளறேன். 'சொல்ல வேண்டியவங்ககிட்ட போய்ச் சொல்லு'ன்னார். அதுக்குத்தான் மூணு வாரமா தைரியம் வரலை. அவன் தினமும் அஞ்சே முக்காலுக்கெல்லாம் கிளம்பிடுவான்மா. அன்னைக்கும் கிளம்பியிருந்தா அந்த ஆளுங்க கண்ணுலயே பட்டிருக்க மாட்டான். சுட்டது அவங்க. மாட்டி வச்சது நான்."

"நீங்களா? என்ன பண்ணீங்க?"

"சிகாகோக்காரின்னீங்களே! நாற்காலியை எடுத்துட்டு நிறுத்தினவனை இந்தத் தெரு என்ன பண்ணும்?"

லோரெட்டாவின் கையிலிருந்த காபி அந்தரத்தில் நின்றது.

"முந்தின நாள் சாயங்காலம் பதினாறு வாளி தண்ணி ஊத்தினேன், ஒரு சக்கரத்துக்கு நாலுன்னு கணக்கு," என்றபடி அவர் கைபேசியைத் தேடித் திறந்து நீட்டினார். "காலையில சீட்டாட்டக் கூட்டாளிங்களுக்குக் காட்டணும்னு பெருமையா எடுத்தேன். அந்தப் புத்திக்குத்தான் இப்ப அனுபவிக்கிறேன். எனக்கு எத்தனை வருஷம் போடுவீங்க?"

படத்தில், சம்பவத்தன்று காலை ஐந்து நாற்பதுக்கு, எஃப்ராயினின் காருக்கு முன்னால் கசிமிர் காலி வாளியோடு எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் தெரிந்த சக்கரங்கள் பாதிவரை கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டிக்குள் புதைந்திருந்தன.

லோரெட்டா எழுந்து கிழவரை அப்படியே கட்டிக்கொண்டாள்.

"ஐயா, நகரவே முடியாத வண்டியை அவர் எப்படி யார் மேலயும் ஏத்தியிருக்க முடியும்?"